பல்லிக்கு வாய்ப்புண்

கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ஒருநாள் ராத்திரி பத்தேகால் மணிக்கு போன் பண்ணினான். பி.காம். வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் பதறித்தான் எடுத்தேன்.

'மாப்ள, பல்லிக்கு வாயில புண்ணு. என்ன மருந்து போடலாம்?'

சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

'சிரிக்காதடா. ரெண்டு நாளா பல்லியும் திங்கல, பயலும் திங்கல. எங்கம்மா வேற வீட்டுக்கு ஆகாது, ஆகாதுன்னு உசுர வாங்குது.'

விஷயம் இதுதான். எட்டாம் வகுப்புப் படிக்கிற அவன் மகன், பரணில் கிடந்த பழைய மீன் தொட்டியைக் கழுவி, மேலே கம்பி வலை போட்டு மூடி, சமையலறைச் சுவரிலிருந்து ஒரு பல்லியைப் பிடித்து அதில் விட்டிருக்கிறான். மூன்று வாரமாக வளர்ப்பு. தினமும் பூச்சி பிடித்துப் போட்டு, பெயரெல்லாம் வைத்து, பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து முடித்தாகிவிட்டது. இப்போது அதன் மேலுதட்டு நுனியில் அரிசி முனை அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. அப்பத்தா மஞ்சள் குழைத்துப் பூசச் சொல்கிறார். கடைப்பையன் தேங்காய் எண்ணெய் என்கிறான். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று என் சிநேகிதன் நம்புகிறான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் தூக்கம் போய்விட்டது. பல்லி சொன்னால் பலன் தெரியும். பல்லி விழுந்தால் பலன் தெரியும். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, இடமா வலமா, ஆணா பெண்ணா, எல்லாவற்றுக்கும் நம்மிடம் பட்டியல் இருக்கிறது. அந்தப் பல்லிக்கே ஒன்று என்றால் என்ன செய்வது? அதற்கு ஏன் நம்மிடம் ஒரு வரிகூட இல்லை?

அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

* * *

தமிழனுக்கும் பல்லியின் வாய்க்கும் உள்ள சம்பந்தம் ரொம்பப் பழசு. சங்க இலக்கியத்தில் பல்லி பல இடங்களில் வருகிறது. பிரிந்துபோன தலைவன் எப்போது வருவான் என்று தலைவி சுவரில் இருக்கும் பல்லியின் குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருப்பாள். மனிதர்கள் கேட்பது இருக்கட்டும். காட்டுப்பன்றியே கேட்கிறது!

நற்றிணையில் ஒரு குறிஞ்சிப் பாட்டு. தினைப்புனத்துக்குள் மேயப் போகிற பன்றி, பல்லி சத்தம் போட்டதும் சகுனம் சரியில்லை என்று மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்கே திரும்பிவிடுகிறது. அகநானூற்றில் இன்னொரு பன்றி. அதுவும் பல்லியின் குரலை உன்னித்துக் கேட்டபடியேதான் தினையை நெருங்குகிறது. அந்தப் பாட்டில் கவிஞர் பல்லிக்குக் கொடுக்கிற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். நிறத்தைச் சொல்லவில்லை. வாலைச் சொல்லவில்லை. அகன்று பிளந்த அதன் வாயைச் சொல்கிறார்.

மலையடிவாரத்தில் விவசாயம் பார்க்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்குவது அவர்களுக்கு இலக்கியம் இல்லை, நஷ்டம். பல்லி சொன்னால் திரும்பிப் போகிற பன்றி இன்றைக்கு இருந்தால் ஆளுக்கு நாலு பல்லி வாங்கித் தோட்டத்தில் விட்டுவிடுவார்கள்.

பிறகு அது சாஸ்திரமானது. கௌளி சாஸ்திரம். கிழமைக்கு ஒன்று, திசைக்கு ஒன்று என்று பலன்கள் பஞ்சாங்கத்தில் ஏறின. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லிக்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் உருவம் செய்து மேலே பதித்தார்கள். இன்றைக்கும் வரிசையில் நின்று தொட்டுவிட்டு வருகிறோம். இதையெல்லாம் கிண்டல் செய்யவும் நாமே ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

உண்மையில் அது என்ன சொல்கிறது? பெரும்பாலும், 'இது என் இடம், நீ கிளம்பு' என்பதைத்தான். இன்னொரு பல்லிக்குச் சொல்வது. பல்லியினத்துக்கு வெளியே, ஓணானோ அரணையோ இப்படி வாய்விட்டுக் குரல் கொடுப்பது அபூர்வம். ட்யூப்லைட் பக்கத்தில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கிற உரிமைக்காக நடக்கிற வாய்த்தகராறு அது. நாம் நடுவில் புகுந்து, மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே வாய்தான் நமக்கு விஷம். பல்லி விழுந்த சாப்பாடு என்றால் ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடும். உலகத்தில் விஷமுள்ள பல்லி வகைகள் அபூர்வமாகச் சில உண்டு. ஆனால் நம் வீட்டுச் சுவரில் இருப்பதற்கு விஷப் பையும் கிடையாது, விஷப் பல்லும் கிடையாது. அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்கிற பாக்டீரியா இருக்கக்கூடும். ஆறிய சோற்றில் விழுந்தால் அது வயிற்றைக் கலக்கலாம். ஆகவே அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுவது நியாயம். அதற்காக அதை நாகப்பாம்பு வரிசையில் சேர்ப்பது அநியாயம்.

ஆக, இரண்டாயிரம் வருடமாக இந்த வாயைக் கேட்டிருக்கிறோம். இதற்குப் பயந்திருக்கிறோம். பார்த்ததில்லை.

* * *

வாயைப் பார்க்கத் தெரியாத ஊரா அது? இல்லவே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணாமல் யாரும் மாடு வாங்கியதில்லை. பல்லை வைத்து வயசு, நாக்கை வைத்து ஆரோக்கியம். கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் இருக்கிறது. தம்பிரான் மாட்டுத்தொழு என்றால்தான் உள்ளூரில் தெரியும். மாட்டுப் பொங்கலன்று கூட்டம் அலைமோதும். மாடுதான் அங்கே சாமி.

அந்த மாட்டுக்கு வாய்ப்புண் வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கோமாரி. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வெடித்து, எச்சில் ஒழுக, தீவனத்தைத் தொடாமல் மாடு நிற்கும். இது கண்ணுக்குத் தெரியாத, வடிகட்டியிலும் சிக்காத ஒரு கிருமியின் வேலை என்று 1898-ல் ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ராஷும் கண்டுபிடித்தார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது அதுதான். யோசித்துப் பாருங்கள். ஒரு மாட்டின் வாய்ப்புண்ணிலிருந்துதான் அந்தக் கதை ஆரம்பிக்கிறது.

அதைவிடக் கொடியது வெக்கை நோய். அதுவும் வாயில் புண்ணாகத்தான் முகம் காட்டும். கூட்டம் கூட்டமாக மாடுகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட்டுப் போட்டு, இந்தியாவில் 1995-க்குப் பிறகு அது தலைகாட்டவில்லை. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய்.

கோமாரிப் புண்ணுக்கு நாட்டு வைத்தியமும் உண்டு. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு எல்லாவற்றையும் அரைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, மாட்டின் நாக்கிலும் அண்ணத்திலும் தடவுவார்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிற மருந்து இது. அப்பத்தா மஞ்சள் என்று ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறதா? அது மூடநம்பிக்கை இல்லை. மாட்டிடமிருந்து கற்ற அனுபவம். முன்னூறு கிலோ மாட்டுக்குச் சரியாக இருப்பதை நாலைந்து கிராம் பல்லிக்குப் போடச் சொன்னதுதான் பிழை.

நான் படித்தது வணிகவியல். அதனால் எனக்கு எதையும் வரவு செலவாகப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. 1903-ல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989-ல் பல்கலைக்கழகம். 2020-ல் தேனிக்கே ஒரு கல்லூரி வந்துவிட்டது. எல்லாம் யாருக்காக? உழுகிற மாடு, பால் கறக்கிற மாடு, முட்டையிடுகிற கோழி, விற்கிற ஆடு. எந்த ஜீவன் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறதோ, அதன் வாயைத்தான் வைத்தியம் பிளந்து பார்த்திருக்கிறது. தப்பென்று சொல்லமாட்டேன். பசித்த நாட்டில் அதுதான் நியாயமான வரிசை.

பாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இருளர் மக்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பின் வாயைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிக்கு மருந்து. பாம்பின் வாய்க்கு விலை இருக்கிறது. ஆகவே அதைக் காயப்படாமல் பிடிக்கும் கலையும் வளர்ந்தது.

பல்லிக்கு என்ன விலை? பூஜ்யம். ஆகவே வைத்தியமும் பூஜ்யம்.

* * *

பூஜ்யம் எப்போது மாறியது என்று தேடினால், நம்மூர் ஆள் ஒருவரிடமே போய் முட்டுகிறோம். அதாவது, நம்மூர்ச் சம்பளம் வாங்கிய வெள்ளைக்காரர்.

எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டி மியூசியத்தின் பொறுப்பாளராக 1841 முதல் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். 1854-ல் பஞ்சாப் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த ஒரு பல்லியை விவரித்து எழுதினார். உடம்பெல்லாம் புள்ளி. தரையில் வாழ்வது. நம் சுவர்ப்பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு இமை உண்டு. இன்று அந்த இடம் பாகிஸ்தானில் இருக்கிறது. பல்லியோ உலகம் முழுக்க இருக்கிறது. சிறுத்தைப்புள்ளிப் பல்லி. லெப்பர்ட் கெக்கோ என்று சொன்னால் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். நாய், பூனைக்கு அடுத்தபடியாக வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிற பிராணிகளில் அதற்கு ஒரு முக்கியமான இடம். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று நிறம் நிறமாக இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள்.

விலை வந்துவிட்டதல்லவா? வைத்தியமும் வந்தது. 1973-ல் ஃப்ரெட்ரிக் ஃப்ரை என்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், கூண்டில் வளரும் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 1996-ல் டக்ளஸ் மேடர் தொகுத்த தடிப் புத்தகம் வந்தது. ஃப்ரையின் புத்தகத் தலைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளர்ப்பு முறை, மருத்துவம், அறுவை சிகிச்சை என்று மூன்று விஷயம். வளர்ப்பு முறைதான் முதலில்.

ஏன் முதலில்? மறுநாள் காலை, பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிற சென்னை டாக்டர் ஒருவரிடம் கம்பத்துப் பல்லியின் கதையைச் சொன்னபோது எனக்கு அது புரிந்தது. அவர் மருந்து எதையும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

'தொட்டி கண்ணாடியா?'

ஆமாம்.

'அப்ப கண்ணாடிதான் நோய்.'

சுவரில் ஓடுகிற பல்லிக்குக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதிரே வெளிச்சம் தெரிகிறது, வழி தெரிகிறது, போகிறது, முட்டுகிறது. மறுபடி போகிறது. ராத்திரி பூராவும் மூக்கு நுனியால் கண்ணாடியைத் தேய்க்கிறது. மேலே கம்பி வலை இருந்தால் அதிலும் உரசுகிறது. நாலு நாளில் தோல் உரிகிறது. பத்து நாளில் புண். காட்டிலும் சுவரிலும் பல்லிக்கு அடிபடாது என்றில்லை. ஆனால் உதட்டின் நுனியிலேயே திரும்பத் திரும்ப வருகிற இந்தக் குறிப்பிட்ட புண், நாம் கூண்டு செய்தபோது கூடவே செய்த புண்.

இரண்டாவது காரணம், இரை. பசிக்கிறதே என்று பெரிய சுவர்க்கோழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். பல்லி அதைத் தின்னாவிட்டால், அது பல்லியைக் கடிக்கும். மூன்றாவது காரணம், சத்துக்குறை. சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் தாடை எலும்பு ரப்பர் மாதிரி வளைய ஆரம்பிக்கும். வைட்டமின் ஏ குறைந்தாலும் வாயின் உட்புறத் தோல் கெடும். அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி.

* * *

சரி, சின்னப் புண் என்றால் என்னதான் செய்வது? டாக்டர் சொன்னதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருக்கும் பேரனுக்கும் பயன்படும்.

முதலில் கண்ணாடிக்கு வெளியே நாலு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டுங்கள். வெளியே வழி இருக்கிறது என்கிற மயக்கம் போனால் பாதி முட்டல் நின்றுவிடும். மண், கூழாங்கல், மரத்தூள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். தினமும் மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், பழைய அட்டைப் பெட்டி போதும். வேறு பல்லி இருந்தால் பிரித்துவிடுங்கள்.

போவிடோன் அயோடின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதை அப்படியே போடக் கூடாது. கொதித்து ஆறின தண்ணீரில், நிறம் பால் விடாத இளம் டீ மாதிரி ஆகிற வரைக்கும் கலக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் தொட்டு, உதட்டின் வெளிப்புறத்தில் மட்டும் லேசாக ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. மூக்குத் துளைக்குள் போகக் கூடாது. சுவர்ப்பல்லி கையில் பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும், தோலும் மெல்லிசு. ஆகவே பிடிக்காமல், அது இருக்கிற இடத்திலேயே ஒற்றுவது உத்தமம்.

வாயைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள். இது ரொம்ப முக்கியம். குச்சி கொடுத்து நெம்பினால் பல் பெயரும், தாடை ஒடியும். பல் போனால் பெரிய கவலை இல்லை. பல்லிக்கு ஆயுள் முழுக்கப் புதுப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும். சிறுத்தைப்புள்ளிப் பல்லிக்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பல்லும் மாறிவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் தாடை ஒடிந்தால் அதற்கும் நமக்கும் ஒரே கதிதான்.

மஞ்சள் பூசாதீர்கள். காய்ந்தால் மூக்கை அடைக்கும். எண்ணெய் பூசாதீர்கள், அழுக்கு ஒட்டும். வலி மரத்துப்போகிற மருந்து கலந்த களிம்பு கூடவே கூடாது. இமையில்லாத பல்லி தன் கண்ணைத் தன் நாக்கால்தான் நக்கித் துடைத்துக்கொள்ளும். வாயில் பூசினது கண்ணுக்கும் போகும், வயிற்றுக்கும் போகும். நமக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பதெல்லாம் கொலை முயற்சி.

கதகதப்பு வேண்டும். பல்லி குளிர் ரத்தப் பிராணி. சூடு குறைந்தால் செரிமானமும் நடக்காது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் வேலை செய்யாது. அதற்காகக் கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள். அரை மணியில் வெந்துவிடும். குடிக்க, சுவரில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்தால் நக்கிக்கொள்ளும். சின்ன, மிருதுவான பூச்சியாகப் போடுங்கள். மீந்ததை எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வீக்கம் தெரிந்தாலோ, வாயோரம் மஞ்சளாகத் திரண்டு நின்றாலோ, நுரை வந்தாலோ, தாடை தொங்கினாலோ வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. ஊர்வனவற்றின் சீழ் நம்முடையது மாதிரி ஒழுகாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிக்கொள்ளும். அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும். விட்டால் எலும்புக்குள் இறங்கிவிடும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். 'இது எல்லாம் கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததுக்கு. உங்க சிநேகிதர் வீட்டுல இருக்கறது சுவர்ப்பல்லிதானே? புண்ணு சின்னதா இருந்தா, சுவத்துல விட்டுடச் சொல்லுங்க. அதான் மருந்து.'

* * *

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். விலை வந்தால் வைத்தியம் வரும் என்றேன். எமனும் வருவான்.

வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் டோக்கே என்று ஒரு பெரிய பல்லி இருக்கிறது. 2009-க்குப் பிறகு ஒரு புரளி கிளம்பியது. அதன் நாக்கிலும் குடலிலும் எய்ட்ஸுக்கு மருந்து இருக்கிறதாம். மறுபடியும் பல்லியின் வாய்! லட்சக்கணக்கில் விலை பேசினார்கள். 2011-ல் பிலிப்பைன்ஸ் சுகாதாரத்துறை, இதற்கு எந்த ஆதாரமும் இல்லை, நம்பி உயிரை விடாதீர்கள் என்று எச்சரித்தது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2013-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. 2019-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். எத்தனை நோயாளிகள் உண்மையான மாத்திரையை விட்டுவிட்டு இந்த நாக்கைத் தேடி அலைந்தார்களோ!

அதே 2019-ல் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஒரு சேதி வந்தது. கம்பத்தில் நின்று கிழக்கே பார்த்தால் தெரியுமே, மேகமலை, அங்கிருந்து. கதை பழசு. 1875-ல் லண்டனில் குந்தர் என்கிற விஞ்ஞானி ஆனைமலைப் பல்லி ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 1933-ல் மால்கம் ஸ்மித் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, திராவிடத்தின் பெயரையே வைத்தார். திராவிடோகெக்கோ! இந்த ஸ்மித் தொழில்முறையில் மனித டாக்டர். சயாம் அரண்மனையில் ராஜ குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். பல்லி அவருடைய காதல்.

ரொம்ப நாள் அந்தப் பேரினத்தில் ஒரே ஒரு இனம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பேரினமே வேண்டாம் என்று வேறொன்றோடு சேர்த்தும்விட்டார்கள். 2019-ல் இந்திய விஞ்ஞானிகள் மலை மலையாக ஏறி, மரபணுவைப் பிரித்துப் பார்த்து, தனிப் பேரினம்தான், அதில் ஆறு புது இனங்கள் இருக்கின்றன என்று அறிவித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் தொல்பல்லி. சுத்தத் தமிழ். இன்னொன்றின் பெயரிலேயே மேகமலை இருக்கிறது. அதற்கு முந்தின வருடம், 2018-ல், அதே மேகமலையின் பாறைகளில் வாழும் வேறொரு பல்லிக்கு 'வனம்' என்று பெயர் சூட்டினார்கள்.

மேகமலை 2009-ல் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். ஊர்க்காரர்கள் புலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாறையிடுக்கில் இருக்கும் இந்தச் சின்ன ஜீவன்களைப் பார்க்க உலகத்தில் வேறெங்கும் போகமுடியாது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த கேள்வி, என்ன விலைக்குப் போகும் என்பதாக இருந்துவிடக் கூடாது. சரணாலயத்துக்குள் கல்லைப் புரட்டி அதைப் பிடிப்பது குற்றம். பிடித்துக் கண்ணாடிக்குள் போட்டால் முதலில் போவது அதன் வாய்தான்.

* * *

டாக்டர் சொன்னதைச் சிநேகிதனிடம் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டான். பையனும் கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'மாமா, வெளிய விட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்?' என்றான்.

'நீ என்ன போட்ட?'

'அப்பாகூடத் திராட்சைத் தோட்டத்துக்குப் போறப்ப பூச்சி புடிச்சுட்டு வருவேன்.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பம் பன்னீர் திராட்சை ருசியானது, 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. ஆனால் அந்தத் தோட்டங்களுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை விற்பவன் என் சிநேகிதன். மருந்து பட்ட பூச்சி பல்லியின் வாய் வழியாக எங்கே போகும்? போனின் மறுமுனையில் அவனும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். 'அடப்பாவி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

அன்று சாயங்காலமே தொட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சரித்து வைத்தார்களாம். பல்லி வெளியே வந்து, சுவரில் ஏறி, பரணுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பையன் அன்றைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு விஷயமாகப் பேசும்போது கேட்டேன். பிழைத்ததா?

'தெரியலடா. ஆனா ட்யூப்லைட் பக்கத்துல ஒண்ணு உக்காருது. மூக்கு நுனில வெள்ளையா ஒரு தழும்பு இருக்குன்னு பய சத்தியம் பண்றான். தினம் ராத்திரி டார்ச் அடிச்சு அது வாயையே பாத்துக்கிட்டிருக்கான்.'

'உங்கம்மா என்ன சொல்றாங்க?'

'அவங்களுக்கென்ன! அது எப்ப வாயைத் தொறக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.'